செக்ரோலில் நாற்பத்து மூன்று, பெரட்டில் மூன்று

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலிருந்து கப்பல் பயணம் போகிறவர்கள் இப்போது அதிகம். எங்கள் தாமானில், அதாவது எங்கள் குடியிருப்பில் மட்டும் இந்த வருஷம் நாலு குடும்பம் போய் வந்துவிட்டது. வந்தவர்கள் சாப்பாட்டைப் பற்றிச் சொன்னார்கள், நீச்சல் குளத்தைப் பற்றிச் சொன்னார்கள், ராத்திரி நடக்கிற ஆட்டம் பாட்டத்தைப் பற்றி விடிய விடியச் சொன்னார்கள். புத்தகம் படிக்கிற கருவியை மடியில் வைத்துக்கொண்டு நடுக்கடலில் பேந்தப் பேந்த விழிக்க வேண்டி வரும் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது, அவர்களில் யாரும் புத்தகம் எடுத்துப் போகவில்லை. எனக்கு நானூறு மலேசிய வெள்ளியும் இரண்டு நாளும் போன பிறகுதான் விஷயம் புரிந்தது. அடுத்துப் போகிறவர்களுக்காவது உதவட்டும் என்று எழுதுகிறேன்.

நான் தோட்டத்து ஆபீசில் 31 வருஷம் ஆள் கணக்கு எழுதுகிற கிராணியாக இருந்தவன். கித்தா, அதாவது ரப்பர், இருந்த காலத்தில் வேலைக்குச் சேர்ந்து, செம்பனை வந்து பல வருஷம் கழித்து ஓய்வு பெற்றேன். தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்த எனக்குப் படிப்பு ருசியைக் காட்டியது தோட்டத்து மன்றத்தில் இருந்த ஒரே ஒரு புத்தக அலமாரி. அதை மூன்று தடவை முழுதாகப் படித்து முடித்தவன் என்ற பெருமை இன்னும் உண்டு. கண்புரை அறுவைக்குப் பிறகு பொடி எழுத்து ஒத்துவரவில்லை. பத்திரிகையைக் கையை நீட்டிப் பிடித்தாலும் எழுத்து எறும்பு மாதிரி ஊர்ந்தது. அதைப் பார்த்துத்தான் கோலாலம்பூரில் இருக்கும் மகன் போன தீபாவளிக்குத் தன்னுடைய பழைய இ-ரீடரைக் கொடுத்துவிட்டுப் போனான். எந்தக் கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை, நான் செய்த தவற்றை எந்தக் கம்பெனிக் கருவியிலும் செய்யலாம்.

கருவி நல்ல கருவி, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். எழுத்தை வேண்டிய அளவுக்குப் பெரிதாக்கலாம். கைப்பேசித் திரை கண்ணுக்குள் வெளிச்சம் அடிக்கும், இது அப்படி இல்லை. திரைக்குள் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னக் குமிழிகள், ஒவ்வொன்றிலும் கறுப்புத் துகளும் வெள்ளைத் துகளும் இருக்கின்றன. மின்சாரம் பட்டதும் இது மேலே வரும், அது கீழே போகும், எழுத்து உருவாகும். பக்கம் மாறும்போதுதான் மின்சாரம் செலவு, மற்ற நேரம் அச்சடித்த தாள் மாதிரி சும்மா கிடக்கும். அதனால் ஒரு தடவை சார்ஜ் போட்டால் வாரக்கணக்கில் ஓடும். வெயிலில் வைத்துப் படித்தால் இன்னும் பளிச்சென்று தெரியும். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கைப்பேசியைச் சாய்த்துப் பார்த்தால் சில கண்ணாடிக்குத் திரை இருண்டு போகும், இதில் அந்தத் தொல்லை கிடையாது. கப்பல் மேல்தளத்தில் கால் நீட்டிப் படிக்க இதைவிட வாகான சாமான் இல்லை என்று மகன் சொன்னான். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை.

மகன் என் பெயரில் கணக்குத் திறந்து, என் கைப்பேசி எண்ணையே கொடுத்து, 43 தமிழ்ப் புத்தகம் அதில் சேர்த்துவிட்டான். சிலது வாங்கியது, பலது இலவசம். 2016 டிசம்பரில் கிண்டில் கடையில் தமிழ் நூல்கள் வர ஆரம்பித்த பிறகு இந்தப் பக்கம் தமிழுக்கு நல்ல காலம்தான். அதற்கும் முன்னாலேயே, 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் பழைய இலக்கியங்களை மின்னூலாக்கி இலவசமாகக் கொடுத்து வருகிறது. ஆபீசில் தட்டச்சுப் பொறியோடு மல்லுக்கட்டிய எனக்கு, அதையெல்லாம் தன்னார்வலர்கள் தட்டச்சுச் செய்தார்கள் என்று கேட்டதும் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. திரையைத் திறந்தால் 43 அட்டைப்படமும் வரிசையாக நிற்கும். மூன்று புத்தகத்தைக் கப்பலேறும் முன்பே வீட்டில் படித்து முடித்துவிட்டேன். மீதி நாற்பதைக் கப்பலுக்கு என்று ஒதுக்கி வைத்தேன்.

இங்கேதான் கோளாறு. வீட்டில் இணையம் எந்நேரமும் ஓடும். அட்டையைத் தொட்டால் இரண்டு மூன்று நொடியில் புத்தகம் திறக்கும். அந்த இரண்டு மூன்று நொடியில்தான் புத்தகம் வெளியிலிருந்து கருவிக்குள் இறங்குகிறது என்பது எனக்குத் தெரியாது. அட்டை தெரிந்தால் புத்தகமும் உள்ளே இருக்கிறது என்று நினைத்துவிட்டேன். இதை வேறு யாராவது செய்திருந்தால் மன்னிக்கலாம். ஆள் பெயர்ப் பதிவேடான செக்ரோலில் பேர் இருந்தால் ஆள் வேலைக்கு வந்துவிட்டான் என்று ஆகாது, விடியற்காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்துகிற பெரட்டில் ஆள் நிற்கிறானா என்று தலையை எண்ண வேண்டும் என்பதைத் தினமும் செய்த கிராணி நான். தலையை எண்ணாமல் கப்பலேறிவிட்டேன்.

ஆகவே முதல் வேலையாக இதைச் செய்யுங்கள். வீட்டைவிட்டுக் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் கருவியில் ஏரோப்பிளேன் மோடு போட்டு, எடுத்துப் போகிற ஒவ்வொரு புத்தகத்தையும் திறந்து நாலு பக்கம் தள்ளிப் பாருங்கள். இறங்கிய புத்தகத்தின் அட்டை மூலையில் சின்னதாக ஒரு சரி அடையாளம் இருக்கும். என் கண்ணுக்கு அது புலப்பட்டதே இல்லை, பிறகு பூதக்கண்ணாடி வைத்துத்தான் பார்த்தேன். அடையாளத்தை நம்புவதைவிடத் திறந்து பார்ப்பதே நல்லது. நண்பர்கள் அனுப்பிய பிடிஎஃப் ஏதாவது இருந்தால் அதையும் அப்போதே பார்த்துவிடுங்கள். ஆறு அங்குலத் திரையில் பிடிஎஃப் எழுத்து கடுகு மாதிரி தெரியும், பெரிதாக்கினால் வரி திரைக்கு வெளியே ஓடும். அதே நூல் இபப் வடிவில் கிடைத்தால் அதை எடுத்துக்கொள்ளுங்கள், எழுத்தைப் பெருக்கினாலும் வரி தானாக மடங்கிக்கொள்ளும்.

கப்பல் போர்ட் கிள்ளானில், பூலாவ் இண்டாவில் இருக்கும் முனையத்திலிருந்து கிளம்பியது. நாலு ராத்திரி. ஒரு நாள் முழுக்கக் கடல், அடுத்து புக்கெட், அடுத்து பினாங்கு, பிறகு திரும்பவும் கிள்ளான். முனையத்தில் பெட்டிச் சோதனையில் என் எக்ஸ்டென்ஷன் வயரையும் வீட்டுக்காரம்மா ஆசையாகக் கொண்டு வந்த சின்னக் கெட்டிலையும் எடுத்து வைத்துக்கொண்டார்கள். தீப்பிடிக்கும் பயத்தால் இதையெல்லாம் கப்பலில் விடுவதில்லையாம். இறங்கும்போது திருப்பிக் கொடுத்தார்கள் என்றாலும், “என் கோப்பியை நானே கலக்கக்கூட வழியில்லாத கப்பல்” என்று அவள் முதல் நாளே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். மகன் ஒன்று சொல்லி அனுப்பியிருந்தான்: “அப்பா, கப்பல் ஏறினதும் போனை ஏரோப்பிளேன் மோடுல போட்டுருங்க, மறந்துறாதீங்க.” நான் சொல் பேச்சுக் கேட்கிறவன். ஏறிய நிமிஷமே போட்டுவிட்டேன்.

சாயங்காலம் ஐந்து மணிக்குக் கப்பல் நகர்ந்தது. மேல்தளத்தில் நல்ல நாற்காலியாகப் பிடித்து, கால் நீட்டி, நாலாவது புத்தகத்தின் அட்டையைத் தொட்டேன். இணைப்பு இல்லை என்று திரையில் ஒரு கட்டம் வந்தது. கை தவறி எதையோ அழுத்திவிட்டோம் என்று நினைத்து அடுத்ததைத் தொட்டேன், அதுவும் அப்படியே. சூரியன் சுமத்ரா பக்கம் இறங்குகிற வரை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். வீட்டில் படித்து முடித்த மூன்று மட்டும் சமர்த்தாகத் திறந்தன. மனசு என்ன பாடு பட்டது என்று சொன்னால் சிரிப்பீர்கள். பசியோடு வந்தவனைப் பந்தியில் உட்கார வைத்து, இலையைப் போட்டுவிட்டுப் பரிமாறாமல் போனால் எப்படி இருக்கும்? பக்கத்தில் வீட்டுக்காரம்மா பைண்டு பண்ணி வைத்த பழைய தொடர்கதை ஒன்றை மடியில் விரித்து நிம்மதியாகப் படித்துக்கொண்டிருந்தாள். வாரப் பத்திரிகையிலிருந்து கிழித்துச் சேர்த்து ஈப்போவில் கொடுத்துத் தைத்தது. அரைக் கிலோவுக்குக் குறையாது. பெட்டியில் அதை வைக்கும்போது “எதுக்கு இந்தச் சுமை, என் கருவியில நாப்பது புத்தகம் இருக்கு” என்று நக்கல் அடித்தது வேறு யாருமில்லை.

அந்த நேரத்தில்கூட ஒரு காசு செலவில்லாமல் தப்பித்திருக்கலாம். கப்பல் கரையை ஒட்டித்தான் போய்க்கொண்டிருந்தது. ஏரோப்பிளேன் மோடை எடுத்திருந்தால் நம் ஊர் சிக்னல், நம் ஊர் டேட்டா. கைப்பேசியில் ஹாட்ஸ்பாட் போட்டு, கருவியை அதில் இணைத்து, நாற்பதையும் கால் மணி நேரத்தில் இறக்கியிருக்கலாம். பொதுவாகக் கரையிலிருந்து 12 கடல் மைல், அதாவது சுமார் 22 கிலோமீட்டர் தாண்டிய பிறகுதான் கப்பல் தன்னுடைய சொந்தக் கைப்பேசிக் கோபுரத்தைத் திறந்து விடுகிறது. அதுவரை கைப்பேசித் திரையின் மேல்மூலையில் நம் கம்பெனிப் பெயர்தான் இருக்கும். அந்தப் பெயரைப் பார்த்துக்கொண்டே வேலையை முடித்து, அது மறைவதற்குள் மோடைப் போட வேண்டும். நான் போடக்கூடாத நேரத்தில் போட்டேன். எடுக்கக்கூடாத நேரத்தில் எடுத்தேன், அந்தக் கதை மறுநாள்.

ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு கப்பல் வைஃபை வாங்கினேன். ஒரு நாளைக்கு 24 அமெரிக்க டாலர், ஒரே ஒரு கருவிக்கு. நம் காசுக்கு நூறு வெள்ளிக்கு மேலே. கப்பலில் கையில் காசு புழங்குவதில்லை, அறைச் சாவியாக ஒரு அட்டை கொடுக்கிறார்கள், எதை வாங்கினாலும் அதில் ஏறும். கையிலிருந்து நோட்டு போகாததால் வலியும் தெரிவதில்லை. மளிகைக் கடையில் கடன் கொப்பி போட்டுச் சாமான் வாங்கிச் சம்பள நாளில் முழித்தவர்களை எத்தனையோ பேரை ஆபீஸ் ஜன்னலுக்கு உள்ளேயிருந்து பார்த்தவன் நான், இருந்தும் ஏமாந்தேன். வாங்கிய இணைப்பு கைப்பேசியில் சரியாக வேலை செய்தது. இ-ரீடருக்கு மாற்றினால், கப்பல் வைஃபையில் சேர்ந்துவிட்டதாகக் காட்டுகிறது, ஆனால் அறை எண்ணும் பிறந்த தேதியும் கேட்கிற அந்த நுழைவுப் பக்கம் திறக்கவே மாட்டேன் என்கிறது. வெள்ளைத் திரை. மறுபடி முயன்றால் மறுபடி வெள்ளை. ஓட்டல், விமான நிலையம், கப்பல் எல்லாவற்றிலும் இந்த மாதிரி நுழைவுப் பக்கம் உண்டு. இ-ரீடரில் இருக்கிற இணைய உலாவி கைக்குழந்தை மாதிரி, பல பக்கங்களைத் திறக்கிற சக்தி அதற்குக் கிடையாது. இது தெரியாமல் ராத்திரி பதினொன்றரை வரை கட்டிலில் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தேன். “என்னங்க, அந்தப் பலகைய வச்சுட்டுப் படுங்க, விளக்கு கண்ணக் கூசுது” என்றாள் வீட்டுக்காரம்மா. கருவிக்கு அவள் வைத்த பெயர் பலகை.

காலையில் கீழ்த்தளத்து உதவி மேசைக்குப் போய் நாற்பது நிமிஷம் வரிசையில் நின்றேன். அங்கிருந்த பெண் மரியாதையாகத்தான் பேசினாள். கைப்பேசி, மடிக்கணினிக்குத்தான் இணைப்பு உறுதி, புத்தகக் கருவிக்கு நாங்கள் பொறுப்பில்லை, வாங்கிய காசு திரும்பாது என்றாள். வாங்கும் முன்னால் இதே மேசைக்கு வந்து இதே கேள்வியைக் கேட்டிருந்தால் 24 டாலர் மிச்சம்.

அதற்குப் பிறகு நடந்ததற்கு என் அவசரமும் காரணம், ஒரு நல்ல பையனும் காரணம். கிள்ளானிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்தவன், காலைச் சாப்பாட்டு மேசையில் பழக்கமானான். நான் கருவியோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்துவிட்டு, “அங்கிள், ரீசெட் அடிங்க அங்கிள், எல்லாம் சரியாயிரும். என் போனுக்கு அப்படித்தான் செய்வேன்” என்றான். அவன் மேல் தப்பில்லை, உதவி செய்யத்தான் வந்தான். ரீசெட் என்றால் அணைத்துத் திறப்பது என்று நான் நினைத்தேன். அவன் காட்டிய இடத்தில் அழுத்தினேன், கருவி எச்சரிக்கை ஒன்று காட்டியது, படிக்காமல் சரி என்றேன். அணைத்துத் திறப்பது ரீஸ்டார்ட், அதனால் எதுவும் போகாது. ரீசெட் என்பது தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்கே திரும்புவது. கணக்கு, மூன்று புத்தகம், நான் கோடு போட்டு வைத்த வரிகள் எல்லாம் கருவியை விட்டுப் போய், எந்த மொழி வேண்டும் என்று என்னைப் புது ஆளாக விசாரித்தது. உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிஷம் அதைக் கடலில் வீசிவிடலாமா என்று தோன்றியது. நடுக்கடலில், நல்ல இணைப்பு இல்லாத இடத்தில், எந்தக் காரணத்துக்காகவும் ரீசெட் செய்யாதீர்கள். கருவி மக்கர் செய்தால் அணைப்பு விசையை நாற்பது நொடி அழுத்திப் பிடித்தால் போதும், தானாக அணைந்து திறக்கும்.

சரி, கருவி போனால் போகட்டும், கைப்பேசியிலேயே அந்தச் செயலியைப் போட்டுப் படிப்போம் என்று இரண்டாவது நாளுக்கும் 24 டாலர் கட்டினேன். செயலி இறங்குவதற்கே முக்கால் மணி நேரம் ஆனது. கணக்கைத் திறக்கக் கடவுச்சொல் போட்டதும், உங்கள் எண்ணுக்கு ஓடிபி அனுப்பியிருக்கிறோம், அதைப் போடுங்கள் என்றது. அங்கேதான் அடுத்த கண்ணி. ஓடிபி குறுஞ்செய்தியாக வருவது. வைஃபையில் வாட்சாப் வரும், பொதுவாகக் குறுஞ்செய்தி வராது, அதற்குக் கைப்பேசி சிக்னல் வேண்டும். என் கைப்பேசியோ ஏரோப்பிளேன் மோடில் இருக்கிறது. எடுத்துவிட்டேன். வைஃபைதான் செய்தியைத் தடுக்கிறதோ என்று அதையும் அணைத்தேன்.

கிளம்பும் முன் தாய்லாந்துக்கு என்று ஒரு ரோமிங் பாஸ் வாங்கி, டேட்டா ரோமிங்கையும் திறந்து வைத்திருந்தேன். பாஸ் இருக்கிறதே என்ன பயம் என்ற தைரியம் வேறு. அந்தப் பாஸ் தாய்லாந்து மண்ணில் இருக்கிற கோபுரங்களுக்கு மட்டும்தான் செல்லும். நடுக்கடலில் கைப்பேசி பிடித்தது கப்பலில் இருக்கிற கோபுரத்தை, அது செயற்கைக்கோள் வழியாகப் பேசுகிறது, அது எந்த நாட்டுக் கணக்கிலும் சேராது. கைப்பேசிக் கம்பெனியிடமிருந்து எச்சரிக்கையும் வந்தது. அதற்கு முன்னும் பின்னும் வந்த விளம்பரச் செய்திகளோடு சேர்த்து அதையும் தள்ளிவிட்டேன். ஓடிபி வந்து சேர இருபது நிமிஷம். போட்டால் காலாவதி. மறுபடி கேட்டேன், அதுவும் நேரம் தாண்டி வந்தது. மூன்றாவது தடவை, கொஞ்ச நேரம் கழித்து முயலவும் என்று கதவைச் சாத்திவிட்டது. இதற்குள் குடும்ப வாட்சாப் குழுவில் மைத்துனி மகள் வளைகாப்புப் படங்கள் ஒவ்வொன்றாக என் கைப்பேசியில் தானாக இறங்கிக்கொண்டிருந்தன. அத்தனையும் கப்பல் கோபுரம் வழியாக. மாசக் கடைசியில் பில் வந்தபோது அந்த வளைகாப்புக்கு நான் வைத்த மொய் 174 வெள்ளி 60 சென் என்று தெரிந்தது.

கப்பல் வைஃபை இரண்டு நாளுக்கு 48 டாலர், கணக்கு முடிக்கும்போது 211 வெள்ளி. பில் 174.60. புக்கெட்டில் வாங்கிய ஒயர் ஒன்று சுமார் 20 வெள்ளி. கூட்டினால் 405 வெள்ளி 60 சென். சிலருக்கு இது ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசாக இருக்கலாம். எங்கள் ஊர் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த துன் சம்பந்தன் 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, தோட்டம் துண்டாடப்பட்டு வேலை போகும் என்று பயந்த தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத்தான் தோட்டம் வாங்கினார்கள். என் அப்பா அந்தப் பத்து வெள்ளியைக் கட்ட என்ன பாடு பட்டார் என்று அம்மா சொல்லிக் கேட்டு வளர்ந்தவன் நான். அந்த வீட்டுப் பிள்ளை, ஒரு பக்கம்கூடப் படிக்காமல் நானூறு வெள்ளியைக் கடலில் கரைத்தேன் என்பதுதான் தூக்கத்தைக் கெடுத்தது. மகனிடம்கூட இரண்டு வாரம் கழித்துத்தான் சொன்னேன்.

பயணத்துக்கு முன்னால் இந்த விஷயத்தில் மூன்று வேலை செய்துகொள்ளுங்கள். கணக்குக்குள் நுழைகிற எல்லாச் செயலியையும் வீட்டிலேயே திறந்து உள்ளே போய் வைத்துவிடுங்கள், கடலில் ஓடிபி கேட்கிற நிலைமையே வரக்கூடாது. டேட்டா ரோமிங்கை மூடி வைத்து, அந்நிய மண்ணில் கால் வைத்த பிறகு திறங்கள். வாட்சாப்பில் படங்கள் தானாக இறங்குவதை நிறுத்துங்கள். கப்பல் வைஃபை வாங்கினால்கூட, ஏரோப்பிளேன் மோடைப் போட்டபடியே வைஃபையை மட்டும் தனியாகத் திறக்க முடியும். இது எனக்கு 63 வயசில் தெரிந்தது.

இரண்டாம் நாள் மிச்சத்தை வீட்டுக்காரம்மாவின் தொடர்கதையை வைத்து ஓட்டினேன். அதற்கும் ஒப்பந்தம் போட்டாள். பகலில் அவள் தூங்குகிற நேரம் மட்டும் எனக்கு, பக்கத்தின் மூலையை மடிக்கக்கூடாது, சாப்பிட்ட கையோடு தொடக்கூடாது. கப்பலில் ஒரு நூலகம் இருந்தது, ஆங்கிலமும் சீனமும்தான், பாதி அலமாரி விளையாட்டு அட்டைப் பெட்டிகள். பூதக்கண்ணாடி வைத்து அந்தப் பொடி எழுத்தில் ஏழு அத்தியாயம் படித்தேன். எட்டாவதில் பத்திரிகைப் பக்கம் ஒன்று காணவில்லை. கதாநாயகி யாரிடம் கடிதத்தைக் கொடுத்தாள் என்று அவளைக் கேட்டால், “முப்பது வருஷமா எனக்கும் தெரியாதுங்க” என்கிறாள்.

புக்கெட்டில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பாத்தோங் கடற்கரைக்கு வெளியே நங்கூரம் போட்டு, சின்னப் படகில் கரைக்குக் கொண்டு போனார்கள். படகு வரிசையிலேயே பாதிக் காலை போனது. அங்கே பாஸ் வேலை செய்தது, ஆனால் கருவியில் சார்ஜ் இல்லை. வாரக்கணக்கில் நிற்கிற பேட்டரி எப்படி இரண்டு நாளில் போனது? வைஃபையைத் திறந்து விட்டு இரண்டு நாள் அது இல்லாத வாசலைத் தட்டிக்கொண்டே இருந்ததால்தான். படிக்கும்போது ஏரோப்பிளேன் மோடில் வைத்தால் இந்தச் செலவே கிடையாது. சார்ஜ் போடலாம் என்றால் என் கருவி பழைய மாடல், மைக்ரோ யூஎஸ்பி முனை. எங்கள் இரண்டு பேர் கைப்பேசிக்கும் டைப் சி. ஒயரை சுங்கை சிப்புட் வீட்டில், தொலைக்காட்சி மேசை மேல் விட்டு வந்திருந்தேன். கடைத்தெருவில் தேடி ஒன்று வாங்கியதோடு புக்கெட் முடிந்தது.

பினாங்கில்தான் விடிந்தது. கப்பல் ஸ்வெட்டன்ஹாம் துறையில் கட்டியதும் கைப்பேசியில் நம் கம்பெனிப் பெயர் வந்தது. அதைப் பார்த்ததும் சொந்தக்காரனைப் பார்த்த மாதிரி ஒரு சந்தோஷம். துறையிலிருந்து லிட்டில் இந்தியா நடக்கிற தூரம்தான். லெபோ பாசார் பக்கத்தில் ஒரு கடையில் தோசையும் தே தாரிக்கும் சொல்லிவிட்டு, ஹாட்ஸ்பாட் போட்டு, கருவியைத் திறந்தேன். பக்கத்துக் கடை வைஃபை எல்லாம் காட்டுகிறது, என் கைப்பேசி மட்டும் பட்டியலில் இல்லை. மறுபடியும் நெஞ்சு படபடப்பு. நாலு கடை தள்ளிக் கைப்பேசி பழுது பார்க்கிற ஒரு தம்பி இருந்தார். கருவியை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது பழைய செட்டு ஐயா, 2.4 மட்டும்தான் பிடிக்கும், உங்க போன் 5-ல விடுது” என்றார். புதுக் கைப்பேசிகள் ஹாட்ஸ்பாட்டை 5 கிகாஹெர்ட்ஸ் அலையில் விடுவதுண்டு, பழைய இ-ரீடர்கள் பல 2.4 அலையை மட்டும்தான் கேட்கும். கைப்பேசி அமைப்பில் அதை 2.4-க்கு மாற்ற ஒரு இடம் இருக்கிறது. ஐபோனாக இருந்தால் மேக்ஸிமைஸ் கம்பாட்டிபிலிட்டி என்று ஒரு விசை. அரை நிமிஷ வேலை. காசு கொடுத்தேன், வாங்கவில்லை. “படிக்கிறதுக்குத்தானே ஐயா கேக்குறீங்க” என்றார். அந்தப் பயணத்தில் என்னிடம் யாரும் காசு வாங்காத ஒரே இடம் அது.

மறுபடி கடைக்கு வந்து உட்கார்ந்து கணக்குக்குள் நுழைந்தேன். ஓடிபி ஐந்து நொடியில் வந்தது. தே தாரிக் ஆறுவதற்குள் கருவி என்னை அடையாளம் கண்டுகொண்டது, அட்டைகள் வரிசையாக வந்து நின்றன. நான் போட்ட கோடுகள்கூடக் கணக்கில் பத்திரமாக இருந்து திரும்பி வந்தன. இந்தத் தடவை அட்டையைக் கண்டு மயங்கவில்லை. ஒவ்வொன்றாகத் தொட்டு இறக்கினேன். பிறகு ஏரோப்பிளேன் மோடைப் போட்டு, கடைக்காரர் முறைக்க முறைக்க, மேசையிலேயே பெரட்டு எடுத்தேன். பேர் சொல்லி, திறந்து, பக்கம் தள்ளி, மூடி, அடுத்தது. 43-ம் ஆஜர். வீட்டுக்காரம்மா அதற்குள் இரண்டு சேலை வாங்கி வந்துவிட்டாள். அந்தச் செலவை நான் மேலே உள்ள கணக்கில் சேர்க்கவில்லை.

அன்று சாயங்காலம் மேல்தளத்தில் நான் எதற்கு ஆசைப்பட்டேனோ அது கிடைத்தது. வெயில் நேராகத் திரையில் விழுந்தும் எழுத்து அச்சு மாதிரி நின்றது. ஒரு சின்ன விஷயம், குளத்துக்குப் பக்கத்தில் உட்காராதீர்கள். என் கருவி தண்ணீர் தாங்கும், நல்ல தண்ணீரில் 2 மீட்டர் ஆழத்தில் 60 நிமிஷம் என்று போட்டிருக்கிறது. அதனால் கெட்டுப் போகவில்லை. ஆனால் ஒரு பிள்ளை குதித்துத் தெறித்த சொட்டு திரையில் விழுந்ததும் அதை விரல் என்று நினைத்துப் பக்கம் பக்கமாகத் தள்ளிவிட்டது, விட்ட இடத்தைத் தேட வேண்டியதாயிற்று. உப்புத் தண்ணீரோ குளத்துத் தண்ணீரோ பட்டால் நல்ல தண்ணீரில் கழுவி, சார்ஜ் ஓட்டை நன்றாகக் காய்ந்த பிறகுதான் ஒயரைச் செருக வேண்டும். தண்ணீர் தாங்காத கருவி என்றால் ஜிப் வைத்த பிளாஸ்டிக் பைக்குள் போட்டு மூடிவிடுங்கள், பைக்கு மேலேயே விரல் வேலை செய்யும். வெயிலில் நாற்காலி மேல் விட்டுவிட்டு நீங்கள் சாப்பிடப் போகக்கூடாது, சூட்டை அது தாங்காது.

அந்த ஒரு சாயங்காலமும் ஒரு ராத்திரியும்தான் எனக்குக் கிடைத்தது. கிள்ளானில் இறங்கும்போது நாவலில் பாதி தாண்டியிருந்தேன். மகன் கேஎல் சென்ட்ரல் வரை கொண்டு வந்து விட்டான், இடிஎஸ் ரயிலில் ஜன்னல் ஓர இருக்கை. தஞ்சோங் மாலிம் வந்தது தெரியும், தாப்பா ரோடு வந்ததும் அரைகுறையாகத் தெரியும். ஈப்போவில் கூட்டம் இறங்கியது காதில் விழுந்தது. கடைசி அத்தியாயத்தில் இரண்டு பக்கம் மிச்சம் இருக்கும்போது யாரோ தோளைத் தட்டினார்கள். “என்னங்க, பலகைய மூடுங்க, நம்ம ஊரு வந்துருச்சு. இல்லாட்டி கோலகங்சாருக்குத்தான் போகணும்.” ஒரு கையில் பெட்டியும் மறு கையில் திறந்த கருவியுமாக இறங்கி, ரயில் போன பிறகு பிளாட்பாரத்து பெஞ்சில் உட்கார்ந்து அந்த இரண்டு பக்கத்தையும் முடித்தேன். அவள் கெட்டில் இருந்த பையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் காத்திருந்தாள்.